இரண்டாவது தடவையும் கேட்பவர்

திருச்சி மேலப்புதூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மாடிப்படி முடிகிற இடத்தில் அவருடைய அறை இருந்தது. ஒரு மேஜை, மூன்று நாற்காலி, ஓர் எடை பார்க்கும் மெஷின். இன்சூரன்ஸ் ஏஜென்டின் அறையில் எடை மெஷினுக்கு என்ன வேலை என்று முதல் தடவை போனபோது யோசித்தேன்.

"அதுல ஏறி நில்லுங்க," என்றார்.

"அறுபத்திரண்டுன்னு எழுதிக்கங்க."

"ஏறுங்க."

அறுபத்தொன்பது. அதையே எழுதிக்கொண்டார்.

எல்லாரும் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். கன்னியாஸ்திரி என்று நினைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்திப் பேசியவர்களும் உண்டு. அவர் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருபது வருஷத்துக்கு மேல் நர்ஸாக இருந்தவர். முட்டி தேய்ந்து நிற்க முடியாமல் போனதும் வேலையை விட்டுவிட்டு மெடிக்கல் இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆனார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. கேள்வி கேட்பது அவர் வேலை என்று விட்டுவிட்டோம்.

ஒருநாள் என் அம்மாவின் பாலிசியைப் புதுப்பிக்கப் போய்க் காத்திருந்தேன். காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருந்த ஒருவர் மனைவியோடு வந்திருந்தார்.

"குடிப்பழக்கம் உண்டுங்களா?"

"எப்பவாச்சும். கல்யாணம் காட்சின்னா."

சிஸ்டர் பேனாவை மூடிக் கீழே வைத்தார். மண்டிக்காரரின் முகத்தையே பார்த்தார். பிறகு, "குடிப்பழக்கம் உண்டுங்களா?" என்றார். கோபமோ சந்தேகமோ இல்லாத அதே குரல். அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்பது போல இருந்தது.

மண்டிக்காரர் சிரித்துப் பார்த்தார். அவர் மனைவி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தினமும்தாங்க," என்றார் அவர் கடைசியில்.

பேனா திறந்தது. "எத்தனை வருஷமா?"

இருவரும் இறங்கிப் போனார்கள். பாதிப் படியிலிருந்து அந்த மனைவி மட்டும் திரும்பி வந்து, சிஸ்டரின் கையை ஒரு தடவை பிடித்துவிட்டுப் போனார்.

அவரால் கேட்காமல் இருக்க முடியாது. பஸ்ஸில் சில்லறை கொடுத்த கண்டக்டரிடம், "கண்ணுக்குக் கீழ எப்பலேருந்து வீங்கியிருக்கு? யூரின் டெஸ்ட் பண்ணீங்களா?" என்பார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வளாகத்தில் அவருடைய சொந்தக்காரர்களே தூண் மறைவில் ஒதுங்குவார்களாம். அதை அவரே சொல்லிச் சிரிப்பார். "பாலிசி எடுங்க" என்று அவர் யாரையும் வற்புறுத்தி நான் பார்த்ததில்லை. "உங்களுக்கு இது வேண்டாம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பியதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தபோது, க்ளெய்ம் படிவத்தை எடுத்துக்கொண்டு அவரே ஸ்ரீரங்கத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். திரும்பிப் போகும்போது நானும் சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். காவிரிப் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது. அன்றைக்குத்தான், ஏன் இப்படித் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நான் நர்ஸா இருந்தப்ப, ஒரு ஆறு வயசுப் பொண்ணு. தொண்டையில ஆபரேஷன். காலையில ஏதாவது குடுத்தீங்களான்னு அதோட அம்மாகிட்டக் கேட்டேன். இல்ல சிஸ்டர்னாங்க. எழுதிட்டேன். பசியில அழுதுச்சுன்னு ஒரு இட்லியப் பிச்சு ஊட்டியிருக்காங்க. மயக்க மருந்து குடுத்ததும் வாந்தி வந்து மூச்சுக்குழாய்க்குள்ள போயிடுச்சு."

"பொழச்சுதா?"

"பொழச்சுது. பதினோரு நாள் போராடித்தான் பொழச்சுது." கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்தார். "அந்த அம்மா கெட்டவங்க இல்லங்க. திட்டுவோம்னு பயந்துட்டாங்க. இன்னொரு தடவை கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க."

அவரை எனக்கு நன்றாகத் தெரியும் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு ஒரே தங்கை. என் சித்தி. கல்யாணமாகி மலேசியாவுக்குப் போய், அந்த நாட்டுப் பிரஜையாகவே ஆகிவிட்டவள். சித்தப்பா இறந்த பிறகு ஈப்போவில் தனியாக இருந்தாள். ஒரே மகன் ஆஸ்திரேலியாவில் வேலை. அம்மா விழுந்த செய்தி போனதிலிருந்து சித்தி தினமும் போன் செய்வாள். அம்மாவுக்குப் பேச்சு குழறும். இந்தப் பக்கம் அம்மா எதையோ சொல்ல, அந்தப் பக்கம் சித்தி, "புரியுதுக்கா, புரியுதுக்கா," என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். ஒன்றும் புரியவில்லை என்று எனக்குத் தெரியும். ஒருநாள், "நான் வரேன்," என்றாள்.

தம்பி, அதாவது சித்தியின் மகன், ஒரே ஒரு நிபந்தனை வைத்தான். "மெடிக்கல் இன்சூரன்ஸ் இல்லாம அம்மாவ அனுப்பமாட்டேன்க்கா. எடுத்து பேப்பரை அனுப்புங்க, மறுநிமிஷம் டிக்கெட் போடறேன். திருச்சி ஆஸ்பத்திரியெல்லாம் உங்களுக்குத்தானே தெரியும், நீங்களே பார்த்து எடுங்க."

நான் சிஸ்டரிடம் போனேன்.

"உங்க வீட்டு பாலிசியில அவங்களைச் சேர்க்க முடியாதுங்க," என்று ஆரம்பித்தார். "வெளிநாட்டுலேருந்து வர்றவங்களுக்குன்னு தனியா இருக்கு." மூன்று தாள்களை மேஜையில் வரிசையாக வைத்தார். முதலாவது மலிவு. அறைக்கு இவ்வளவு, டாக்டருக்கு இவ்வளவு, ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை. அதற்கு மேல் போனால் நம் பாடு. இரண்டாவதில் எல்லை பெரிது, ஆனால் ஏற்கெனவே இருக்கிற எந்த வியாதிக்கும் பைசா தரமாட்டார்கள். மூன்றாவது, இருக்கிற வியாதி திடீரென்று முற்றினாலும் கொடுக்கும். அதற்கு வியாதியை ஒளிக்காமல் எழுத வேண்டும். பிரயாணம் செய்யலாம் என்று டாக்டர் கடிதம் தர வேண்டும்.

"எதை எடுக்கலாம் சிஸ்டர்?"

"தாளைப் பார்த்தா எப்படிங்க சொல்றது? நான் அவங்களைப் பார்க்கணும்."

வீடியோவில் கூப்பிட்டோம். சித்தி தலை சீவி, பொட்டு வைத்து, நல்ல புடவை உடுத்தி உட்கார்ந்திருந்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்த மாதிரி இருந்தது. பெயர், வயது, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய நம்பர் என்று தம்பியின் நம்பர், எல்லாம் படிவத்தில் ஏறியது.

"மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா?"

"பிரஷருக்கு ஒன்னுதான்."

"வேற?"

"வேற ஒன்னுமில்ல."

சிஸ்டர் பேனாவை மூடினார். "வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா?"

சித்தி கைப்பையைத் திறந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்துக் காட்டினாள். "இது எப்பவாச்சும். நெஞ்சு கனமா இருந்தா."

"நாக்குக்கு அடியில வைக்கிறதுதானே?"

சித்தி அழ ஆரம்பித்துவிட்டாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் இதயத்தில் அடைப்பு என்று சொல்லியிருக்கிறார்கள். ஆபரேஷன் செய்ய வேண்டும், அதுவரை எங்கேயும் போகக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். சித்தி யாரிடமும் மூச்சு விடவில்லை. "மகனுக்குத் தெரிஞ்சா விடமாட்டான் சிஸ்டர். எங்கக்காவ ஒரு தடவை பார்த்துட்டு வந்து பண்ணிக்கிறேன். ஆபரேஷன் மேசையில செத்துப்போயிட்டேன்னா அவளைப் பார்க்காமலே போயிடுவேனே."

போனை வைத்த பிறகு சிஸ்டர் என்னிடம் சொன்னார்: "போகக்கூடாதுன்னு டாக்டரே சொல்லியிருக்காங்க, இதை எழுதினா எந்தக் கம்பெனியும் நெஞ்சுக்குக் குடுக்காது. எழுதாம விட்டா நீங்க வாங்குறது வெறும் காகிதம். நான் சொல்றதைக் கேளுங்க. இன்சூரன்ஸ் இல்லாமயே வரட்டும். அக்காவப் பார்க்கணும்கிற ஆசைய நான் தடுக்கல. ஆனா மகனுக்குச் சொல்லிட்டு வரட்டும்."

"சொன்னா அவன் விடமாட்டான்."

"அப்ப ஆபரேஷன் முடிச்சுட்டு வரட்டும். அம்மா இருப்பாங்க."

"இருப்பாங்கன்னு எழுதித் தருவீங்களா?"

அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "தர முடியாதுங்க."

அம்மா இரவும் பகலும் வாசல் பக்கமே தலையைத் திருப்பி வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். "இது எங்க குடும்ப விஷயம் சிஸ்டர்," என்றேன். "நீங்க ஒரு ஏஜென்ட். கமிஷன் வராதுன்னா விட்டுடுங்க. அக்கா தங்கச்சி நடுவுல வராதீங்க."

கமிஷன் என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் ஒரு நாளும் கேட்டதில்லை. பாதி நிரப்பிய படிவத்தை மடித்து மேஜை இழுப்பறைக்குள் வைத்தார். "சரிங்க," என்றார்.

அன்று சாயங்காலம் கம்ப்யூட்டரில் ஒரு வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பெனியின் பக்கத்தைத் திறந்தேன். இதய நோய் உண்டா என்று கேட்டிருந்தது. இல்லை என்ற கட்டத்தை அழுத்தினேன். திரை ஒரு தடவைதான் கேட்டது. அடுத்த பக்கம் வந்துவிட்டது. தம்பி டிக்கெட் போட்டான்.

சித்தி வந்தாள். பன்னிரண்டு நாள் எங்கள் வீட்டில் இருந்தாள். வந்த அன்று அம்மாவின் கட்டிலில் ஏறி, சுவர்ப் பக்கமாக ஒண்டிப் படுத்துக்கொண்டாள். இரண்டு கிழவிகளும் சின்னப் பிள்ளைகள் மாதிரி ஒரே போர்வைக்குள் கிடந்தார்கள். அம்மாவின் நகங்களை சித்திதான் வெட்டிவிட்டாள். குழறிய பேச்சு நேரில் அவளுக்கு உண்மையாகவே புரிந்தது. நான் ஆபீஸ் போன பிறகு பகல் முழுக்க இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்து, தாயார் சந்நிதி மஞ்சளை அம்மாவின் கன்னத்தில் பூசிவிட்டாள். அம்மா சிரித்தாள். விழுந்த பிறகு அப்போதுதான் அவள் சிரித்துப் பார்த்தேன். நான் செய்தது சரிதான் என்று நினைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் காலை, இட்லித் தட்டை வைத்த இடத்திலேயே சித்தி சரிந்தாள்.

ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். இன்சூரன்ஸ் கவுண்டரில் பழைய ரிப்போர்ட்டுகள் கேட்டார்கள். கைப்பையிலிருந்த பாட்டிலை டாக்டர் ஏற்கெனவே குறித்துக்கொண்டுவிட்டார். கம்பெனிக்காரர்கள் மத்தியானத்துக்குள் மறுத்துவிட்டார்கள். யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் நான் சிஸ்டருக்குத்தான் போன் செய்தேன். முக்கால் மணி நேரத்தில், குடையை ஊன்றிக்கொண்டு, அந்த முட்டியோடு மாடி ஏறி வந்தார். நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளே போய் டாக்டரிடம் பேசிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இப்ப பேசறாங்க, நெனவு தெளிவா இருக்கு. ஆனா நெலமை நல்லா இல்லங்க. மகனுக்குச் சொல்லிட்டீங்களா?"

சொல்லவில்லை. சொன்னால் அவன் முதலில் இன்சூரன்ஸைக் கேட்பான். பிறகு மற்றதெல்லாம் வெளியே வரும். வார்டுக்கு மாற்றிய பிறகு, பிழைத்துவிட்டாள் என்ற செய்தியோடு சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

"சொல்லிட்டேன்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த போனைப் பார்த்தேன். இன்னொரு தடவை கேட்கப்போகிறார் என்று தெரியும். கேட்டால் சொல்லிவிடுவேன் என்றும் தெரியும். காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

"சரிங்க," என்றார். எழுந்து காபி வாங்கப் போனார்.

சாயங்காலம் என்னை உள்ளே விட்டார்கள். சித்தி மெல்லிய குரலில், "தம்பிகிட்ட சொல்லிட்டியா? திட்டினானா?" என்று கேட்டாள். "திட்டலை சித்தி," என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "நல்ல புள்ள," என்றாள். அதற்குப் பிறகும் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாள். போனை அவள் காதில் வைத்திருந்தால் அவனோடு பேசியிருப்பாள்.

மறுநாள் காலை நினைவு தப்பியது. அப்புறம்தான் நான் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் விமானம் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வந்து இறங்கியவன் ஆஸ்பத்திரிக் காகிதங்களைக் கேட்டான். சேர்த்த தேதியையும் நேரத்தையும் பார்த்தான். விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு, "ஒரு நாள் முழுக்க இருந்திருக்காங்க," என்றான். சத்தம் போடவில்லை. சிஸ்டர் அப்போது அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். நான் தலையைத் தூக்கி அவரைப் பார்க்கவில்லை. அம்மாமண்டபம் படித்துறையில் அஸ்தியைக் கரைத்துவிட்டு, என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் தம்பி ஊருக்குப் போனான்.

எட்டு மாதம் மேலப்புதூர்ப் பக்கமே நான் போகவில்லை. அம்மாவின் பாலிசி முடிகிற நேரம் வந்ததைச் சாக்காக வைத்துக்கொண்டு ஒருநாள் படியேறினேன். சிஸ்டர் இளைத்திருந்தார். உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கு நான் தம்பிக்குச் சொல்லலை சிஸ்டர். பொய் சொன்னேன்."

"தெரியும்ங்க. அப்பவே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் விட்டீங்க?"

கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். "கேட்டிருக்கணும். அந்தத் தம்பி நம்பர்கூட இந்த மேஜைக்குள்ளதான் இருந்துச்சு. குடும்ப விஷயம்னு நீங்க சொன்னது மனசுல கெடந்துச்சுங்க. அவங்க குடும்பம், அவங்க பாடுன்னு ஒரு நிமிஷம் தோணிடுச்சு. எனக்கும் கோவம் வரும்தானே? அந்த ஒரு நிமிஷம் அப்படியே போயிடுச்சு."

மன்னிப்புக் கேட்க வந்தவள் நான்.

"இப்ப கூப்பிடுங்க அவரை," என்றார்.

அங்கேயே கூப்பிட்டேன். தம்பி எடுக்கவில்லை. "நாளைக்கும் கூப்பிடுங்க." மறுநாளும் எடுக்கவில்லை. அதிலிருந்து தினமும் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் சிஸ்டர் என் ஆபீசுக்குப் போன் செய்வார். "எடுத்தாரா?" "இல்லைங்க." "கூப்பிட்டீங்களா?" "கூப்பிட்டேன் சிஸ்டர்." அடுத்து, "கூப்பிட்டீங்கதானே?" என்று இன்னொரு தடவை கேட்பார். ஆமாம் என்பேன். அப்போதெல்லாம் உண்மையைத்தான் சொன்னேன்.

ஐப்பசி மழையில் அவருக்கு நெஞ்சுச் சளி கட்டி, அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே ஒரு வாரம் கிடந்தார். போய்ப் பார்த்தபோது வாயில் ஆக்சிஜன் மாஸ்க். புருவத்தை மட்டும் உயர்த்தினார். "இன்னும் எடுக்கலை சிஸ்டர்," என்றேன். நான் பார்த்துவிட்டு வந்த மூன்றாம் நாள் இறந்துபோனார். அடக்கத்துக்கு வெங்காய மண்டிக்காரரின் மனைவி தனியாக வந்திருந்தார். ஒரு பஸ் கண்டக்டர் காக்கிச் சட்டையோடு வந்து நின்றிருந்தார்.

அப்புறமும் கூப்பிடுவதை நான் நிறுத்தவில்லை. தை மாதத்தில் ஒருநாள் தம்பி எடுத்தான்.

எல்லாவற்றையும் சொன்னேன். இல்லை என்று அழுத்திய கட்டம், ஆஸ்பத்திரியில் சொன்ன பொய், சித்தியிடம் சொன்ன பொய் எல்லாம். சொல்லி முடித்த பிறகு, "அம்மா நான் திட்டலைன்னு நெனச்சுக்கிட்டேவா போனாங்க?" என்றான்.

"ஆமாம்ப்பா."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "விழறதுக்கு ரெண்டு நாள் முந்தி அம்மா பேசினாங்கக்கா. யாரோ ஒரு சிஸ்டர் வீட்டுக்கு வந்தாங்களாம். எங்கிட்ட ஏதோ சொல்லணும்னு அம்மாவோட சண்டை போட்டாங்களாம். ஞாயித்துக்கிழமை நீ வீட்டுல இருப்பேல்ல, அன்னிக்கு நிதானமா சொல்றேன்னாங்க. அவங்க யாருக்கா? நான் அவங்ககிட்டப் பேசணும்."

சித்தி விழுந்தது வெள்ளிக்கிழமை. சிஸ்டர் இறந்து மூன்று மாதமாகிறது என்று அவனிடம் சொன்னேன்.

போனை வைத்துவிட்டு அம்மாவின் கட்டிலுக்குப் போனேன். "சித்தி இருந்தப்ப சிஸ்டர் இங்க வந்தாங்களாம்மா?"

அம்மா உதட்டைக் கூட்டி, ஒவ்வொரு வார்த்தையாக, எனக்கும் புரிகிற மாதிரி சொன்னாள்.

"வந்தாங்க. நீ ஆபீஸ் போயிருந்த. உங்கிட்டச் சொல்ல வேணாம்னாங்க. நீ வருத்தப்படுவியாம்."